86 பக்கக் கையேடு இருக்கிறது, யாரும் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மைக்கறை

வணக்கம். அச்சும் பேக்கேஜிங்கும் செய்கிற நிறுவனம் என்னுடையது. இரண்டு ஷிஃப்ட், மொத்தம் 42 பேர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வாடிக்கையாளர் "உங்கள் பணியாளர் கையேட்டை அனுப்புங்கள்" என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. இணையத்தில் ஒரு டெம்ப்ளேட் எடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி, ஒரே ராத்திரியில் 86 பக்கம் தயார் செய்து அனுப்பினேன். ஆர்டர் வந்தது. கையேடு அலமாரிக்குப் போனது.

போன மாதம் அதே கையேடு அலமாரியிலிருந்து இறங்கி வந்து என் மானத்தை வாங்கிவிட்டது.

மாதத்தில் மூன்று முறை தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று அதில் ஒரு வரி. இத்தனை வருஷத்தில் யாருக்கும் பிடித்ததில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் கையேட்டைப் படித்துவிட்டு (அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்), பைண்டிங்கில் இருக்கும் ஒருவருக்கு அரை நாள் பிடிக்கச் சொல்லிவிட்டார். கணக்குப் பிரிவும் பிடித்துவிட்டது. மறுநாள் அந்த ஆள் என் அறைக்கு வந்து மேஜையில் ஒரு தாளை வைத்தார். அந்த மாதம் மூன்று முறைக்கு மேல் தாமதமாக வந்த 11 பேரின் பெயர், தேதி, நேரம். ஆறாவது பெயர் என் மைத்துனருடையது. ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து அந்த 86 பக்கத்தையும் முதல்முறையாகப் படித்தேன். நிறுவனத்துக்குச் சொந்தமான விமானத்தில் பயணம் செய்வோருக்கான விதி ஒன்றரைப் பக்கம். எங்களிடம் இருப்பது ஒரு பழைய வேன். மெஷினில் காகிதம் சிக்கினால் எப்படி எடுப்பது என்று ஒரு வரி கிடையாது.

இதைத் திருத்துவதா, கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவதா? எத்தனை கொள்கை இருந்தால் போதும்?

பழைய கோப்பு

22 வருஷம் ஹெச்ஆரில் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்கள் கதை புதிதல்ல. விமானம் மட்டும் புதிது.

கையேட்டை மூடி வையுங்கள். ஒரு நோட்டு எடுத்து, கடந்த இரண்டு வருஷத்தில் உங்கள் மேஜைக்கு வந்த தலைவலிகளை எழுதுங்கள். லீவு மறுக்கப்பட்ட சண்டை, ஓவர்டைம் கணக்கில் வந்த தகராறு, யாரோ யாரையோ கத்தியது, நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுபோனவர், லேப்டாப் தொலைந்தது. பதினைந்து, இருபது வரும். அதைத்தான் முதலில் எழுத வேண்டும். "எத்தனை கொள்கை" என்பதற்கு அந்த நோட்டுதான் பதில். அதோடு உங்கள் நாட்டுச் சட்டம் கட்டாயமாக எழுத்தில் கேட்பவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது, கொள்கையையும் நடைமுறையையும் பிரியுங்கள். பெரிய நிறுவனங்களே இதில் சொதப்புவதைப் பார்த்திருக்கிறேன். கொள்கை என்பது நிறுவனம் எடுத்த முடிவு. அந்த முடிவை யார், எப்போது, எந்த வழியில் செய்வது என்பது நடைமுறை. "நெருங்கிய உறவினர் இறந்தால் சம்பளத்தோடு ஐந்து நாள் லீவு", இது கொள்கை. யாருக்குச் சொல்வது, போனில் சொன்னால் போதுமா, சூப்பர்வைசர் போனை எடுக்காவிட்டால் வேறு யாருக்கு, திரும்பி வந்த பிறகு எந்தப் படிவம், இதெல்லாம் நடைமுறை. முதலாவது வருஷக்கணக்கில் மாறாது. இரண்டாவது ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டாலே மாறும். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்தால் போன் நம்பரை மாற்றக்கூட முதலாளி கையெழுத்து வேண்டியிருக்கும். அதனால் யாரும் மாற்ற மாட்டார்கள். ஒரே வருஷத்தில் கையேடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு பேர்

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்களிடம் 12 பேர். எழுதி வைத்த கொள்கை என்று ஒரு தாள் கிடையாது. யாருக்கு என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரியும், நேரில் பேசித் தீர்க்கிறோம். எழுதி வைத்த நாளிலிருந்து எல்லோரும் சட்டம் பேச ஆரம்பிப்பார்கள். மைக்கறைக்கு வந்த வம்பே அந்த எழுத்தால் வந்ததுதான். எழுதாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் மேஜைக்கு வந்திருக்குமா?

கடைசி மேஜை

பன்னிரண்டு பேர் சார், நான் முதலாளி இல்லை, சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

முன்பு நான் இருந்த இடத்திலும் ஏறக்குறைய உங்கள் அளவுதான். எல்லாமே வாய்மொழி. என் அப்பா இறந்தபோது இரண்டு நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போன், "வர முடியுமா?" போனேன். அதே மாதக் கடைசியில் இன்னொருவரின் மாமனார் இறந்தார். அவருக்கு ஐந்து நாள். முதலாளி கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்த வாரம் டெலிவரி நெருக்கடி, அந்த மாமனார் இறந்த வாரம் நெருக்கடி இல்லை, அவ்வளவுதான். முதலாளிக்கு அது நினைவில்கூட இருந்திருக்காது. எனக்கு ஒன்பது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது.

மைக்கறையின் தொழிலாளி தாள் வைத்தார். நான் ராஜினாமாக் கடிதம் வைத்தேன். அதில் "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு பேர்

சரி. யோசிக்க வைக்கிறது. ஆனாலும் 86 பக்கம் இதற்குப் பதில் இல்லை என்பதில் மாற்றமில்லை.

சட்டம் படிச்சவள்

86 பக்கம் பதில் இல்லை என்பதில் நானும் உங்கள் கட்சி. வேலைவாய்ப்புச் சட்டத்தில் வழக்காடுகிறேன். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு என்பதால் கடைசி வடிவத்தை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பொதுவாகப் பொருந்துகிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த அரை நாள் சம்பளம். மைக்கறை, திருப்பிக் கொடுத்தது நல்லது. விதி எல்லோருக்கும் ஒரேமாதிரி நடந்திருந்தாலும் அது நிற்குமா என்பது சந்தேகம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருஷத்து ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 95, இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ எந்த நிபந்தனையில், எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அதற்குள்தான் சம்பளத்தில் கை வைக்கலாம். முதலாளி தன் கையேட்டில் எழுதிவிட்டார் என்பது மட்டும் போதாது. பத்து நிமிஷம் வீதம் மூன்று நாள் தாமதித்தவருக்கு நான்கு மணி நேரச் சம்பளம் போனால், வேலை செய்த மூன்றரை மணி நேரத்தின் கூலியை எந்தக் கணக்கில் எடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். அதற்கு எந்தக் கட்சிக்காரரும் எனக்கு நல்ல பதில் தந்ததில்லை.

இரண்டாவது, எழுதி வைத்துவிட்டு நடத்தாமல் இருப்பதன் விலை. வேலைநீக்கம் பற்றிய அதே அமைப்பின் 1982-ஆம் வருஷத்து உடன்படிக்கை எண் 158, நடத்தையையோ திறனையோ காரணம் காட்டி ஒருவரை அனுப்புவதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடு என்கிறது. அதோடு வந்த பரிந்துரை 166 இன்னும் இரண்டு படி போகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே வேலைநீக்கத்துக்கு உரிய தவறு என்றால், முன்னதாக எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும். தவறு தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காத முதலாளி, அதற்காக வேலைநீக்கம் செய்யும் உரிமையைக் கைவிட்டதாகவே கொள்ள வேண்டும். எல்லா நாடும் இதை ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் "ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டு இவருக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வியை நான் பார்த்த எல்லா நீதிமன்றமும் கேட்டிருக்கிறது.

மூன்றாவது, ஒரே ஒரு சொல். "செய்யப்படும்", "செய்யப்படலாம்". கையேட்டில் "மூன்று முறை எச்சரித்த பின்பே நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதிவிட்டால் மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டியவரையும் மூன்று முறை எச்சரித்தாக வேண்டும். நீங்களே உங்களுக்குப் போட்ட விலங்கு அது. மறுபக்கம், எல்லா இடத்திலும் "லாம்" போட்டால் அது கொள்கையே இல்லை, முதலாளியின் மனநிலை. எங்கே கட்டிப்போட்டுக்கொள்கிறோம், எங்கே கதவைத் திறந்து வைக்கிறோம் என்று வாக்கியம் வாக்கியமாக முடிவு செய்ய வேண்டும். டெம்ப்ளேட் அதைச் செய்து தராது.

ரெண்டாம் ஷிஃப்ட்

நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மைக்கறை காகிதம் சிக்குவதைப் பற்றிச் சொன்னதும் கை பரபரத்தது.

எங்கள் ஆலையில் அதற்கு அருமையான நடைமுறை இருக்கிறது. ஃப்ரேம் போட்டு மெஷின் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. மெஷினை நிறுத்து, மெயின் சுவிட்சை அணை, உன் பூட்டைப் போடு, சாவியைப் பையில் வை, ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்துகொள், அதன் பிறகுதான் கையை விடு. அத்தனையும் சரி. ஒருநாள் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன். முறையாகச் செய்தால் ஒரு தடவைக்கு நான்கு நிமிஷம். நல்ல நாளிலேயே ஒரு ஷிஃப்டில் பத்துப் பன்னிரண்டு தடவை சிக்கும். முக்கால் மணி நேரம் போயிற்று. மணிக்கு இத்தனை என்று டார்கெட் போட்டவர் அந்த முக்கால் மணியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சுவரில் ஒரு விதி, போர்டில் ஒரு விதி. பையன்கள் எந்த விதிப்படி நடப்பார்கள்? மெஷினை மெதுவாக ஓடவிட்டுக் கையால் இழுப்பார்கள்.

பிறகு ஒருவரின் விரல் நுனி போனது. விசாரணை அறிக்கையில் "பணியாளர் நடைமுறையைப் பின்பற்றவில்லை" என்று ஒரு வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஷிஃப்டில் யாருமே பின்பற்றவில்லை, அதற்கு முந்தையதிலும் இல்லை, நான் உட்பட எல்லோருக்கும் தெரியும் என்பதும் பொய் இல்லை.

அப்புறம்தான் டார்கெட்டைக் குறைத்தார்கள். காகிதம் சிக்குகிற இடத்தில் ஒரு ரோலர் தேய்ந்திருந்தது. மாற்றினார்கள். இப்போது ஷிஃப்டுக்கு இரண்டு தடவை. பூட்டுப் போடச் சொன்னால் யாரும் முணுமுணுப்பதில்லை.

அதனால் மைக்கறை அண்ணே, நடைமுறையை ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்த வேலையைச் செய்பவர் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று முதலில் எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குப் பிறகு.

சட்டம் படிச்சவள்

ரெண்டாம் ஷிஃப்ட் சொன்னதோடு ஒன்று. உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையிலிருந்து விலகினால் அவர் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் வருஷத்து உடன்படிக்கை 155-இல் இருக்கிறது. இதை உங்கள் பாதுகாப்புக் கொள்கையில் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்: "ஆபத்து என்று பட்டால் மெஷினை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அதற்காக யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்." வேலையிடப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001-உம் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பணியாளர்களோடு கலந்தாலோசிக்கச் சொல்கிறது. கூப்பிட்டுத் தகவல் சொல்வது கலந்தாலோசிப்பது ஆகாது.

வரிசை எண்

ஆவணக் கட்டுப்பாடு என் வேலை. உலகத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை.

மைக்கறை, ஒரு சோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் கையேடு எத்தனை ஃபைலாக இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். "கையேடு ஃபைனல்", "கையேடு ஃபைனல் புதுசு", "கையேடு ஃபைனல் புதுசு சார் பார்த்தது" என்று குறைந்தது மூன்று இருக்கும். சூப்பர்வைசர் பார்த்தது எந்தப் பதிப்பு?

ஒவ்வொரு தாளின் தலையிலும் ஐந்து விஷயம் போதும்: பெயர், பதிப்பு எண், எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, யார் பொறுப்பு, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். பொறுப்பு என்ற இடத்தில் "நிர்வாகம்" என்று போடாதீர்கள். நிர்வாகத்துக்குப் போன் பண்ண முடியாது. பதவியின் பெயரைப் போடுங்கள். ஆளின் பெயரைப் போட்டால் அவர் போகும்போது தாள் அநாதையாகிவிடும்.

மறுபரிசீலனையை எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை என்று எழுதுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். காலண்டர் தேதியை மட்டும் நம்பாமல், எது நடந்தால் உடனே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். சட்டம் மாறினால், விபத்து நடந்தால், ஒரே விஷயத்தில் மூன்றாவது முறை விதிவிலக்குக் கொடுத்தால், புது மெஷின் வந்தால். இப்படி எழுதியது எங்களிடம் வேலை செய்கிறது.

பழைய பதிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருஷம் ஜூனில் நடந்த விஷயத்துக்கு வழக்கு வந்தால் அந்த ஜூனில் எது விதியாக இருந்ததோ அதைத்தான் கேட்பார்கள். தனி ஃபோல்டர், "காலாவதி" என்று பெயர், யாரும் திருத்த முடியாதபடி பூட்டு.

பக்கங்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு விஷயம். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001-இன் 2008 பதிப்பு தர மேலாண்மைக் கையேடு ஒன்றையும், எழுதப்பட்ட நடைமுறைகள் ஆறையும் கட்டாயமாகக் கேட்டது. 2015 பதிப்பில் அந்த இரண்டு கட்டாயமும் போய்விட்டன. உங்கள் வேலை சரியாக நடக்க எது எழுத்தில் வேண்டுமோ அதை வை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தரநிலைக்கே பக்கக்கணக்கு வேண்டாமென்றால் நமக்கு எதற்கு? ஆனால் ஆடிட்டுக்குப் பயந்து இன்னும் அலமாரி அலமாரியாக அடுக்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கடைசி மேஜை

கையெழுத்து விஷயத்தை யாரும் தொடவில்லை. வேலையில் சேரும் அன்று ஒரு தாள் நீட்டுவார்கள்: "கையேட்டைப் படித்தேன், புரிந்துகொண்டேன், ஏற்கிறேன்." கையேடு எங்கே என்றால் அப்புறம் அனுப்புகிறோம் என்பார்கள். நான் மூன்று இடத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் ஒரு அம்மா, கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்குக் காலையில் உடம்பு சரியில்லை என்றால் யாருக்குச் சொல்வீர்கள்?" எனக்குத் தெரியவில்லை. "அப்படியென்றால் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று பேனாவை எடுத்துக்கொண்டார். அந்த நிறுவனத்தின் லீவு விதி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அப்புறம் புகார். எல்லாக் கையேட்டிலும் ஒரே வரி: "புகார் இருந்தால் உங்கள் மேலாளரை அணுகவும்." மேலாளரைப் பற்றித்தான் புகார் என்றால்?

பழைய கோப்பு

அந்த அம்மா யாரென்று தெரிந்தால் நான் மறுபடி வேலைக்குப் போய் அவரிடம் சேர்ந்துவிடுவேன்.

புகார் விஷயத்தில் கடைசி மேஜை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். இரண்டாவது வாசலில் இருப்பவர் முதல் வாசலில் இருப்பவரின் உறவினராக இருக்கக்கூடாது. சின்ன நிறுவனத்தில் அது கஷ்டம், தெரியும். முதலாளியைப் பற்றியே புகார் என்றால் வெளியிலிருந்து ஒருவர், கணக்குத் தணிக்கை செய்பவரோ வேறு நிறுவனத்தில் இருக்கும் ஒருவரோ, வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு செய்யலாம்.

நாள் கணக்கும் போடுங்கள். முறைகேடுகளை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் வருஷத்து ஆணையில், புகார் கிடைத்தது என்று ஏழு நாளுக்குள் பதில், அதன் மேல் என்ன செய்தோம் என்று மூன்று மாதத்துக்குள் தகவல் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் நாட்டில் அது செல்லாவிட்டாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 42 பேருக்கு மூன்று மாதம் எல்லாம் அதிகம், 30 நாளில் முடிக்கலாம். புகார் கொடுத்தவரைக் கொல்வது முடிவைவிட மௌனம்தான். "கிடைத்தது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி எழுத எத்தனை மேனேஜர்களிடம் கெஞ்சியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

சட்டம் படிச்சவள்

துன்புறுத்தல் பற்றி ஒன்று மட்டும், பிறகு ஓடுகிறேன், நாளை வாய்தா. 2019-இல் வந்து 2021-இல் நடைமுறைக்கு வந்த, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 190, இதற்குத் தனிக் கொள்கை வேண்டும் என்றும், அதைப் பணியாளர்களோடும் அவர்களின் பிரதிநிதிகளோடும் கலந்தாலோசித்து உருவாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேலை இடம் என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை. வேலை சம்பந்தப்பட்ட பயணம், பயிற்சி, ஓய்வறை, மெசேஜ் குழு, வேலைக்குப் போய்வரும் வழி வரை அதில் வருகிறது. பழைய டெம்ப்ளேட்டுகளில் "நிறுவன வளாகத்துக்குள்" என்றுதான் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் வரும் மெசேஜ் எந்த வளாகம்?

பன்னிரண்டு பேர்

ஒரு சந்தேகம், உண்மையாகவே கேட்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதிவிட்டேன். நாளைக்கு ஒருவருடைய குழந்தை மருத்துவமனையில் இருக்கிறது, பத்து நாளாகத் தாமதமாக வருகிறார். அவருக்கும் மெமோவா? மனுஷத்தனம் எங்கே போகும்?

பழைய கோப்பு

மெமோ வேண்டாம். விதிவிலக்குக் கொடுங்கள். ஆனால் ஒரு நோட்டில் எழுதிவிட்டுக் கொடுங்கள்: தேதி, எந்த விதி, என்ன காரணம், எதுவரைக்கும், யார் ஒப்புக்கொண்டது. ஐந்து வரி. அடுத்த மாதம் இன்னொருவர் இதேமாதிரி நிலையில் வந்து நின்றால் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். கடைசி மேஜையின் முதலாளியிடம் அந்த நோட்டு இருந்திருந்தால், ஐந்து நாள் கொடுக்கும்போதே மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு நாள் கொடுத்தது கண்ணில் பட்டிருக்கும்.

நோட்டில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது விதிதான் தப்பு. வரிசை எண் சொன்ன "மூன்றாவது விதிவிலக்கு" அதற்குத்தான்.

காரணத்தை எழுதும்போது "குடும்ப மருத்துவ அவசரம்" என்ற அளவில் நிறுத்துங்கள், நோயின் பெயர் வேண்டாம். அந்த நோட்டு உங்கள் அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.

மைக்கறை

எல்லோருக்கும் நன்றி. 86 பக்கத்தைத் திருத்துகிற யோசனையை விட்டுவிட்டேன். நோட்டில் தலைவலிகளை எழுதினேன், 17 வந்தது. முதலில் தாமத விஷயத்தை எடுத்தேன். இதோ வரைவு, பிய்த்துப் போடுங்கள்.

*"ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் எல்லோரும் வேலை இடத்தில் இருக்க வேண்டும். முன் ஷிஃப்ட்காரர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். தாமதமாகும் என்று தெரிந்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்யவும். தகுந்த காரணமின்றி ஒரு மாதத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் சூப்பர்வைசர் தனியே பேசிக் காரணம் கேட்பார். அடுத்த மாதமும் தொடர்ந்தால் எழுத்தில் எச்சரிக்கை. சம்பளப் பிடித்தம் கிடையாது. இந்த விதி எல்லோருக்கும் பொருந்தும். நேரம் வாயிலில் உள்ள கைரேகைக் கருவியின் பதிவுப்படி கணக்கிடப்படும்."*

சட்டம் படிச்சவள்

"தகுந்த காரணம்" யாருக்குத் தகுந்த? இரண்டு மூன்று உதாரணம் போடுங்கள், "இவை போன்ற" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கைரேகை வேறு வைத்திருக்கிறீர்களா? ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளில், 2018 மே முதல் நடைமுறையில் இருப்பவை, ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் கைரேகை தனிக் கவனம் தேவைப்படும் வகைத் தரவு. வேறு பல நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே போக்குதான். யார் வைத்திருக்கிறார்கள், வேலையை விட்டபின் எப்போது அழிப்பீர்கள் என்று ஒரு தாள் வேண்டும். உங்கள் நோட்டில் 18-ஆவது.

ரெண்டாம் ஷிஃப்ட்

அண்ணே, வாயிலில் கைரேகைக் கருவி எத்தனை இருக்கிறது?

மைக்கறை

ஒன்று.

ரெண்டாம் ஷிஃப்ட்

மை பட்ட கையை அது ஒரே தடவையில் எடுக்குமா? நாளைக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கொஞ்சம் அங்கே போய் நில்லுங்கள்.

மைக்கறை

நின்றேன். மூன்று நாள் நின்றேன்.

ஷிஃப்ட் மாறும்போது உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒரே கருவிக்கு முன்னால் வரிசை. பைண்டிங், பிரஸ் ஆட்களின் விரலைக் கருவி மூன்று நான்கு முறை மறுக்கிறது. துடைத்து, ஊதி, இன்னொரு விரலை வைத்து, அப்புறம் எடுக்கிறது. ஆபீஸ் ஆட்களுக்கு முதல் தடவையே எடுக்கிறது. ஒருவர் ஷிஃப்டுக்கு ஒன்பது நிமிஷம் முன்பே வாயிலுக்கு வந்தார், கருவி அவரை மூன்று நிமிஷம் தாமதம் என்று பதிந்தது. அந்த 11 பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பேர் பிரஸ், பைண்டிங்.

இன்னொரு கருவி ஆர்டர் கொடுத்துவிட்டேன், கார்டு வைத்தால் போதும் என்கிற வகை. அது வரும்வரை ஷிஃப்ட் சூப்பர்வைசர் கையால் பதிவேட்டில் குறிக்கிறார். இந்த வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதம் மொத்தமே நான்கு.

வரிசை எண்

அதாவது ஆறு வருஷமாக ஒரு மெஷினின் கோளாறுக்கு ஒழுங்கு நடவடிக்கை எழுதி வைத்திருந்தீர்கள்.

மைக்கறை

அப்படித்தான் ஆகிறது.

வரைவை அந்தத் தாள் வைத்த ஆளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார். "நான் என்ன சொல்ல, நீங்கள் போடுவதுதானே" என்றார். வற்புறுத்தினேன். வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம். "சூப்பர்வைசர் தனியே பேசிக் காரணம் கேட்பார்" என்ற இடம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: "உங்கள் மைத்துனருக்கு சூப்பர்வைசர் யார்?"

யாரும் இல்லை. விற்பனையைப் பார்க்கிறார், நேரே என்னிடம்தான் வருவார். நானும் கேட்டதில்லை.

திருத்திவிட்டேன்: "சூப்பர்வைசர் இல்லாதவர்களிடம் நிர்வாக இயக்குநர் பேசுவார்." வெள்ளிக்கிழமை பேசினேன். வீட்டில் இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் அமைதியாக இருந்தது.

வரிசை எண்

பதிப்பு எண் போட்டீர்களா?

மைக்கறை

1.1. பழையது "காலாவதி" ஃபோல்டரில் இருக்கிறது. தேடியபோது "கையேடு ஃபைனல்" ஐந்து கிடைத்தது.